இன்னிக்குக் கொஞ்சம் கம்மி

குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஒரு மெல்லிய சீறல் வருமே அக்கா, அந்தச் சத்தம்தான். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, பிள்ளை பால் குடித்துவிட்டு வாயைத் திறந்தபடி தூங்கிப்போன பிறகு தொடங்கும். விசில் மட்டும் வராது. வந்துவிட்டால் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிடலாமே என்று காத்துக்கொண்டே கிடப்பேன். முதல் நாள் எழுந்து போயே போய்விட்டேன். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. குக்கர் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது.

நான் யாரென்று ஞாபகம் வருகிறதா? காது டாக்டர் வராந்தாவில் உங்கள் பக்கத்தில் கைப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்தேனே, ஜெனோவா. நீங்கள்கூட, 'இது என்ன பேரும்மா, வாய்ல நொழைய மாட்டேங்குது' என்று சிரித்தீர்கள். மருந்துக் கவரின் பின்பக்கம் உங்கள் விலாசத்தை எழுதிக் கொடுத்தீர்கள். 'போன்ல பேசுனா எனக்குப் பாதிதான் விழும். மில்லுல தறிச்சத்தத்துல காதத் தொலைச்சவ நான். எழுதிப் போடு' என்றீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. கிளம்பும்போது நீங்கள் என் காதருகில் குனிந்து, 'தங்கமான மாப்பிள்ள கெடச்சிருக்காரு ஒனக்கு' என்றீர்கள். அவர் உங்களுக்கு டோக்கன் வாங்கிக் கொடுத்தார். பெஞ்சைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். உங்கள் பெயரைக் கூப்பிட்டபோது உங்களுக்குக் கேட்கவில்லை என்று தோளைத் தொட்டுச் சொன்னார். எல்லாம் நானும் பார்த்தேன். அதற்கு ஒரு பதில் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. தூக்கம் எப்படியும் வரப்போவதில்லை, அது வேறு.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

செலின் பிறந்து நாலாம் மாதம். அம்மா வீட்டிலிருந்து பாளையங்கோட்டைக்கு, இந்த வாடகை வீட்டுக்குத் திரும்பி வந்து சேர்ந்த சமயம். நாங்கள் கீழ் வீடு. மேல் வீட்டில் வடிவு அக்கா, பஸ் ஓட்டுகிற அவள் புருஷன், இரண்டு பெண் பிள்ளைகள். சத்தம் வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ இவரைத் தட்டி எழுப்பினேன்.

"அத்தான், ஒரு சத்தம் கேக்குதா?"

இவர் தலையைத் தூக்கினார். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

"ஆமா ஜெனோ. கேக்குது."

அந்த ஒரு வார்த்தைக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? இருட்டில் சிரித்தேன். எனக்கு மட்டும் இல்லை, இவருக்கும் கேட்கிறது. அப்படியானால் அது ஒரு சாமானின் சத்தம். சாமான் என்றால் நிறுத்திவிடலாம்.

"மேல் வீட்டு மோட்டாரா இருக்கும்" என்றார். திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார்.

மறுநாள் ராத்திரி டார்ச்சை எடுத்துக்கொண்டு சுவர் சுவராக என்னோடு வந்தார். சுவரில் காதை வைத்துக் கேட்டார். "இங்கதான் கூட இருக்கு" என்று பீரோவுக்குப் பின்னால் காட்டினார். நானும் காதை வைத்தேன். ஆமாம், அங்கேதான் கூட இருந்தது. அக்கா, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சுவரில் காதை வைத்துக் காட்டினார்.

ஒரு ராத்திரி கரண்ட் போனது. ஃபேன் நின்றது. தெருவே அடங்கியது. அது மட்டும் அடங்கவில்லை, முன்னைவிடத் தெளிவாக வந்தது.

"அத்தான், கரண்ட் இல்லாம மோட்டார் எப்படி ஓடும்?"

இவர் புரண்டு படுத்தார். "அவங்க இன்வெர்ட்டர் வச்சிருக்காங்கல்லா. அது போடுத சத்தமா இருக்கும்."

அதுவரை மோட்டார். அன்றைக்கு இன்வெர்ட்டர் ஆகிவிட்டது. நான் திருப்பிக் கேட்கவில்லை. பக்கத்தில் படுத்திருக்கிற மனுஷன் எனக்கும் கேக்குது என்று சொல்லும்போது, யார் குறுக்குக் கேள்வி கேட்பார்கள்?

நான் ஆறாம் வகுப்பிலிருந்து கான்வென்ட் ஹாஸ்டலில் வளர்ந்தவள். ராத்திரி மணி அடித்துவிட்டால் இருமக்கூடத் தலையணையில் முகத்தை அமுக்கிக்கொள்வோம். பக்கத்துக் கட்டில்காரிக்குத் தொந்தரவு கொடுப்பது பாவம் என்று பழக்கியிருந்தார்கள். அதனால் எனக்கு நியாயம் என் பக்கம் இருப்பதாகவே பட்டது. ராத்திரி நேரத்தில் இன்வெர்ட்டரைப் போட்டு ஒரு பச்சைப் பிள்ளைக்காரியைத் தூங்கவிடாமல் செய்கிறார்களே, என்ன ஜனங்கள் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு மாடிப்படி ஏறினேன். நான் சத்தம் போடவில்லை. சண்டை போட்டாலும் ப்ளீஸ் சொல்லித்தான் தொடங்குவேன். இவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

வடிவு அக்கா மாவாட்டிய கையோடு வெளியே வந்தாள். "எங்க மோட்டாரச் சாயங்காலமே அமத்திருவோமே தாயி. இன்வெர்ட்டரு கரண்ட் போனாத்தான் ஓடும். அதுவும் சத்தமே கேக்காதே."

"எனக்கு மட்டும் கேட்டா நான் வந்திருக்க மாட்டேன்க்கா. இவங்களுக்கும் கேக்குது."

அவள் எனக்குப் பின்னால் பார்த்தாள். "என்ன தம்பி, ஒங்களுக்குமா கேக்குது?"

நான் திரும்பிப் பார்த்தேன். இவர் பிள்ளையின் சாக்ஸை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். "லேசாக்கா" என்றார்.

லேசா. அந்த லேசாவைச் சாட்சியாக வைத்துக்கொண்டு நான் பேசாத பேச்சில்லை. படித்த ஜனங்கள் இருக்கிற தெருவில் கொஞ்சம் அடுத்தவரையும் நினைக்க வேண்டும் என்று சொன்னேன். அவள் மூத்த மகள் கதவோரத்தில் நின்று என்னையே பார்த்தாள். வடிவு அக்கா கையில் மாவு காய்ந்துபோனது. எனக்கு அதெல்லாம் பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது.

அன்றைக்குப் பிறகு மேல் வீடு செத்த வீடு மாதிரி ஆகிவிட்டது. விடிகாலையில் மிக்ஸி ஓடாது. பிள்ளைகள் தட்டுத் தட்டென்று இறங்கிவராது. ஆனால் சத்தம் வந்தது. எனக்கு வந்துகொண்டேதான் இருந்தது. இவர் படுக்கும்போது தானாகவே சொல்வார், "இன்னிக்குக் கொஞ்சம் கம்மி, இல்ல?"

அவர் சொன்ன பிறகு கம்மியாகவும் இருக்கும் அக்கா. அதுதான் எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

இவருக்கு வேலை மருந்துக் கம்பெனி ரெப். டாக்டர்கள் வாசலில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை. டாக்டர் மழை வரும் என்றால் வரும், வராது என்றால் வராது. 'ஆமா சார், கரெக்ட் சார்.' அதில் இவரைப்போல ஆள் கிடையாது என்று கம்பெனியில் கேடயம் கொடுத்திருக்கிறார்கள், டிவிக்கு மேலே வைத்திருக்கிறோம். வீட்டுக்கு வந்து பையை இறக்கி வைப்பார். ஆமாவை இறக்கி வைப்பதில்லை. எனக்கு அது அப்போது தெரியவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தபோது இந்த மனுஷர் எதற்கும் மறுத்துப் பேசவில்லையே என்றுதான் எனக்குப் பிடித்தது.

தூக்கம் கெட்டுக் கெட்டு நான் பகலில் சுவரில் இடித்துக்கொள்ளத் தொடங்கினேன். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். இவர் திசையன்விளைக்குப் போன் போட்டு மாமியை வரவழைத்தார். இவர் அம்மாதான். மாமி வந்து இறங்கியதுமே என் காதைத்தான் பார்த்தாள்.

"பஞ்சு எங்க?"

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை பெற்றவள் காதில் காத்துப் போகக்கூடாதென்று பஞ்சை அடைத்துத் தலையில் துணியைக் கட்டிவிடுவார்களே. நான் முப்பது நாள் கழிந்ததுமே எடுத்து எறிந்துவிட்டேன். அறிவியல் படித்தவள் இல்லையா.

"நான் அன்னைக்கே சொன்னேன்" என்றாள் மாமி. "பச்ச ஒடம்புக்காரி காதுல காத்தப் பட விட்டா வேற என்ன செய்யும்? அது உள்ள போயி சுத்திக்கிட்டு நிக்கி. ஏ இன்பராசு, பூண்டு இருக்கா பாரு" என்று மகனை ஏவினாள்.

நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, ஒரு காதுக்கு நாலு சொட்டு. அதன்மேல் பஞ்சு. நான் மறுக்கவில்லை. அன்றைக்கு யாராவது வேப்பிலை அடித்திருந்தாலும் தலையைக் காட்டியிருப்பேன். ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு படுத்தேன்.

அன்றைக்குத்தான் அக்கா, எனக்குப் புரிந்தது.

பஞ்சு வைத்ததும் ஃபேன் சத்தம் தூரமாகப் போனது. ஹாலில் மாமி விடுகிற குறட்டை போனது. தெருமுனையில் நாய் குரைப்பது யாரோ பக்கத்து ஊரில் குரைப்பது போல ஆனது. இது மட்டும் ஏறியது. குக்கருக்குள் என்னை வைத்து மூடியது போல, தலை முழுக்க அதுதான். பஞ்சை எடுத்தேன், இறங்கியது. வைத்தேன், ஏறியது. மறுபடி எடுத்தேன்.

வெளியே இருக்கிற சத்தம் என்றால் பஞ்சுக்குக் குறைய வேண்டும். இது வெளியே இல்லை. மோட்டாரும் இல்லை, இன்வெர்ட்டரும் இல்லை. என் காதே போடுகிற சத்தம்.

பயந்தேன்தான். செலின் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். என் ரத்தம்தானே, இவளுக்கும் இது கேட்டுக்கொண்டிருக்குமோ, அதனால்தான் அழுகிறாளோ, கேட்டால்கூட இவளால் சொல்ல முடியாதே என்றெல்லாம் மனது ஓடியது. அப்புறம்தான் அந்த இன்னொரு நினைப்பு வந்தது. மெதுவாக வந்தது.

என் காதுக்குள் இருக்கிற சத்தம் இவருக்கு எப்படிக் கேட்டது?

மறுநாள் ராத்திரி ஒரு வேலை செய்தேன். விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்து, இவர் மூச்சு இழைகிற நேரமாகப் பார்த்துச் சொன்னேன்.

"அத்தான், சத்தம் மாறிட்டு, கவனிச்சீங்களா? இப்ப டக்கு டக்குன்னு வருது."

அப்படி ஒரு சத்தம் இல்லை. சத்தியமாக இல்லை. நானாக இட்டுக் கட்டினேன்.

"ம்... ஆமா" என்றார். "டக்கு டக்குன்னு."

அவராகவே தொடர்ந்தார். "காலைல நான் போயி அவங்கட்டச் சொல்லுதேன். நீ தூங்கு." கையை என் தலைமேல் வைத்தார்.

அந்தக் கையை எடுத்து அந்தப் பக்கம் போட்டேன். தூக்கத்தில் அவருக்கு அதுகூடத் தெரியவில்லை.

நீங்கள் நினைப்பீர்கள், ஒரு ஆறுதலுக்குச் சொன்னதுதானே என்று. நானும் அப்படி நினைத்துப் பார்த்தேன். விடிய விடிய நினைத்துப் பார்த்தேன். ஆனால் அக்கா, அத்தனை நாளும் நான் இருட்டில் தனியாகக் கிடந்திருக்கிறேன். பக்கத்தில் ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு தனியாகக் கிடந்திருக்கிறேன். யாருமில்லை என்று தெரிந்திருந்தால் அதற்குத் தக்கபடி இருந்திருப்பேன்.

கல்யாணத்தன்றைக்குக் கோயிலில் ஃபாதர் கேட்ட கேள்விக்கெல்லாம் இவர் ஆமாம் என்றுதான் சொன்னார். அது எந்த ஆமா?

இன்னும் முடியவில்லை. மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வடிவு அக்கா வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், வெட்கத்தில்தான். அவளே பக்கத்தில் வந்து என் கையிலிருந்த ஈரத்துண்டின் மறுமுனையைப் பிடித்து முறுக்கினாள்.

"இப்பம் எப்பிடி இருக்கு தாயி? நாங்க ஃப்ரிட்ஜக்கூட ராத்திரி அமத்திப் போட்டுருதோம். மாவு பொங்கி வழிஞ்சிருது, போட்டும். தம்பி வந்து அம்புட்டுத் தூரம் சொல்லிட்டுப் போனாருல்லா."

"என்ன சொன்னாங்க?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சேலை முந்தியை எடுத்துக் கழுத்தைத் துடைத்தாள். "ஒண்ணுமில்ல. பிள்ள பெத்ததுலேருந்து ஒனக்கு மனசு ஒரு நெலையில இல்ல, இல்லாத சத்தமெல்லாம் கேக்குன்னு. கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கிடுங்கன்னு. எங்களுக்கும் பொம்பளப் பிள்ளைக இருக்கு, நாங்க வெளிய மூச்சு விடல."

என்னிடம் 'கேக்குது'. மாடியில் போய் 'இல்லாத சத்தம்'. ஒரே படிக்கட்டு, ஒரே வாய்.

ஃப்ரிட்ஜைப் போடுங்கள் என்றுகூட அவளிடம் சொல்லவில்லை. துண்டைப் பிடுங்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். இப்போதும் அணைத்துத்தான் போடுகிறார்களோ என்னவோ.

அன்றைக்கு ராத்திரி இவரோடு பேசவில்லை. பஞ்சை இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு, தலையணையையும் மேலே போட்டுக்கொண்டு கிடந்தேன். ஏறினால் ஏறட்டும், மனுஷக் குரல் கேட்கவேண்டாம் என்று. எப்படியோ அசந்து தூங்கிவிட்டேன். எத்தனை நாள் தூக்கம் சேர்ந்து அமுக்கியதோ. கண் விழித்தபோது மாமி என் கட்டிலின் பக்கத்தில் நிற்கிறாள், செலின் அவள் தோளில் விக்கிக்கொண்டிருக்கிறாள், முகமெல்லாம் சிவந்து.

"பெத்தவ காதுல பிள்ள அழுத சத்தம் விழல" என்றாள் மாமி. என்னிடம் இல்லை, இவரிடம். "தொண்ட கட்டிப்போச்சு எம்பிள்ளைக்கு. இவளுக்கு இல்லாததெல்லாம் கேக்கு, இருக்கது கேக்கல."

அந்தப் பஞ்சை முதன்முதலில் என் காதில் வைத்தது யார் என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. நான் அயர்ந்து தூங்கியது அந்த ஒரு நாள்தான். அந்த ஒரு நாளைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் நான் அடம்பிடித்துக் காது டாக்டரிடம் வந்தது. இவர் முதலில் வேறொரு டாக்டர் பெயர் சொன்னார், மனசு டாக்டர். நான் காது என்றேன். "ஆமா, காதையும் பாத்துருவோம்" என்றார்.

வந்ததும் என்ன செய்தார், நீங்களே பார்த்திருப்பீர்கள். ரெப்புக்கு எல்லாக் கதவும் பழக்கம். என்னை உங்கள் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு இவர் மட்டும் உள்ளே போனார். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இவர் பேசுகிறார், டாக்டர் தலையாட்டுகிறார். வெளியே வந்தபோது நீங்கள் கேட்டீர்கள், 'என்ன தம்பி பிள்ளைக்கு, காதா?' 'சளிதான்மா' என்றார். முன்பின் தெரியாத உங்களிடம்கூட.

அவர் பால்புட்டிக்கு வெந்நீர் வாங்கப் போன சமயத்தில் நான் உங்களிடம் உண்மையைச் சொன்னேன். அப்போது நீங்கள் கேட்டீர்கள், 'ஒனக்கு எப்பிடிக் கேக்கும்?' என்று. அக்கா, அதுவரை ஒருத்தர் அதை என்னிடம் கேட்கவில்லை. குக்கர் சீறல் என்றேன். நீங்கள் யோசித்துப் பார்த்துவிட்டு, 'எனக்கு அப்பிடி இல்ல. எனக்கு மழ விட்டுப் பேஞ்ச மாதிரி கேக்கும். ஒன் சத்தம் எனக்குத் தெரியாதும்மா' என்றீர்கள்.

தெரியாது என்றீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அது அதனால்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனேனே.

உள்ளே கண்ணாடி அறையில் உட்காரவைத்துக் காதில் மாட்டி, பீப் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். எது அவர்கள் சத்தம், எது என் சத்தம் என்று வேர்த்துப்போனது. கடைசியில் டாக்டர் தாளைக் காட்டினார். உச்ச சுருதியைக் கேட்கிற சக்தி இரண்டு காதிலும் கொஞ்சம் இறங்கியிருக்கிறதாம். "இது மனசு இல்லம்மா, காதுதான். நெறைய பேருக்கு வரும். கூடலாம், கொறையலாம், அப்படியே நிக்கலாம். பயப்படுறதுக்கு ஒண்ணுமில்ல. எண்ணெய் ஊத்தாதீங்க, பஞ்சு வேண்டாம். ராத்திரி ஒரு ஃபேன் ஓடட்டும். தூக்கம் முக்கியம்." முதலில் குழந்தையிடம் பேசுகிற மாதிரி மெதுவாக ஆரம்பித்தவர், தாளைப் பார்த்த பிறகு சாதாரணமாகப் பேசினார்.

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். ஏதாவது சொல்வார் என்று. ஒரே ஒரு வார்த்தை. "அப்ப பயமில்ல, இல்லையா சார்?" என்று டாக்டரிடம் சிரித்தார். வழியில் எனக்குப் பிடித்த பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

இன்றைக்குச் சாயங்காலம்தான் விஷயம் வெளியே வந்தது. மாமி செலினுடைய துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறாள். தொட்டில் கயிறுகூட உள்ளே போகிறது. நாளைக் காலையில் கார் சொல்லியிருக்கிறார்களாம். பிள்ளையைத் திசையன்விளைக்குக் கொண்டுபோகிறார்களாம். புட்டிப்பால் பழகிவிட்டாளாம்.

"ஒரு மாசந்தான் ஜெனோ" என்றார் இவர். "நீ நல்லாத் தூங்கி எந்திரி. டாக்டரும் அதத்தான் சொன்னாரு."

"எப்ப சொன்னாரு?"

"நான் உள்ள போனப்ப."

சொல்லியிருக்கலாம் அக்கா. உண்மையாகவே சொல்லியிருக்கலாம். ராத்திரியில் யாராவது பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் நல்லது என்று அந்த மனுஷர் சொல்லியிருக்கக்கூடியவர்தான். என் கஷ்டமே அதுதான். இவர் இனிமேல் உண்மையைச் சொன்னால் அது எனக்கு எப்படித் தெரியும்?

கடைசியாக ஒன்று கேட்டேன். மாமி அடுக்களைக்குப் போன நேரம் பார்த்து, சட்டையைப் பிடித்து நிறுத்தி, கண்ணைப் பார்த்துக் கேட்டேன். "ஒரு மாசம் கழிச்சு எம்பிள்ளையக் கொண்டாந்துருவீங்களா?"

"ஆமா" என்றார்.

அதே ஆமா. அதே இழுப்பு, அதே கனிவு. டக்கு டக்குன்னு சொன்னாரே, அந்த ஆமா.

நான் சட்டையை விட்டுவிட்டேன்.

பிள்ளை இன்றைக்கு ஒரு ராத்திரி என்னோடு படுக்கட்டும் என்று கெஞ்சி வாங்கினேன். எனக்குக் கேட்காவிட்டால் என்ன செய்வது என்று கதவை ஒருக்களித்து வைக்கச் சொல்லி, இவரும் மாமியும் ஹாலில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். ஃபேன் ஓடுகிறது. நீங்கள் வராந்தாவில் சொன்ன மாதிரி சத்தத்தோடு சண்டை பிடிக்காமல் ஃபேன் சத்தத்தை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இருக்கத்தான் செய்கிறது. ஃபேனுக்கு அடியில் கொஞ்சம் அமுங்கி இருக்கிறது.

இந்த அறைக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஹாஸ்டலில் எந்த அறைக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது. நல்ல பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் எதற்கு என்பார்கள் சிஸ்டர். அம்மா வீட்டில் கதவுக்குப் பதில் திரைச்சீலை. இங்கே தாழ்ப்பாள் இருக்கிறது, ஆனால் வீட்டுச் சொந்தக்காரர் அதன்மேலேயே பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அசைத்ததே இல்லை. சாத்தி வைப்போம். மாமி வந்தால் தட்டாமல் வருவாள். அதை ஒரு குறையாக நான் நினைத்ததும் இல்லை.

மாமி காய்ச்சிய பூண்டு எண்ணெய் ஜன்னலில் கிண்ணத்தில் மிச்சம் இருக்கிறது. இங்கே கடிதத்தை வைத்துவிட்டு எழுந்தேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். ஹேர்பின்னால் பெயிண்டைச் சுரண்டினேன். எண்ணெயைத் துணியில் தொட்டுத் தாழ்ப்பாளின் வளையத்தில் விட்டேன். காதுக்கு விட்ட மாதிரி, சொட்டுச் சொட்டாக. கொஞ்ச நேரம் ஊறவிட்டேன். அறை முழுக்கப் பூண்டு வாசம். செலின் தூக்கத்தில் மூக்கைச் சுளித்தாள்.

முதலில் அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். டக்கென்று ஒரு பெரிய சத்தத்தோடு விழுந்தது.

ஹாலில் பாய் சரசரத்தது.

"ஜெனோ, என்ன சத்தம்?"

நான் தூங்குகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலயே அத்தான்."

எழுந்து வந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பது தெரிந்தது. "இல்ல, கேட்டுச்சு" என்றார். குரலைத் தாழ்த்தி, கதவோடு வாயை வைத்துச் சொன்னார். "நெசமாவே எனக்குக் கேட்டுச்சு ஜெனோ."

கார்க்காரர் ஆறு மணிக்கு மேல் நிற்க மாட்டாராம். அவர் போகிற சத்தம் எனக்கு நன்றாகவே கேட்கும், என் காது அதற்கெல்லாம் குறைவில்லை. அதுவரைக்கும் புட்டிக்கு வெந்நீர் பிளாஸ்கில் இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

இவர் இன்னும் போகவில்லை. நான் இதை எழுதும்போதே ஒரு தடவை தள்ளிப் பார்த்தார், கையை வைத்து, மெதுவாக. தாழ்ப்பாள் பிடித்துக்கொண்டு நிற்கிறது.